தண்ணீர்ச் சோதனைப் பேனா 480 காட்டினால் குடிக்கலாமா? சித்தூர் கிழக்கில் பிள்ளைகளோடு தண்ணீர் அளந்த அனுபவம்

பிளஸ் டூ புவியியலில் கள ஆய்வு செய்து ரெக்கார்டு எழுதியாக வேண்டும். வழக்கமாக அது சந்தைக்குப் போய் விலை விசாரிப்பதாகவோ, ரோட்டோரம் உட்கார்ந்து வண்டி எண்ணுவதாகவோ முடிந்துவிடும். இந்தத் தடவை தண்ணீரை எடுத்துக்கொள்ளலாம் என்று பிள்ளைகளே சொன்னார்கள். நாங்கள் இருப்பது பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவின் கிழக்கு ஓரம் (ஆந்திரச் சித்தூர் வேறு, இது கேரளச் சித்தூர்), கொழிஞ்சாம்பாறை, எருத்தேம்பதி, வடகரைப்பதி பக்கம். வேலந்தாவளம் செக்போஸ்ட்டைத் தாண்டினால் கோயம்புத்தூர் மாவட்டம், கோபாலபுரம் தாண்டினால் பொள்ளாச்சி ரோடு. வீட்டில் தமிழ், கவர்மெண்ட் ஆபீஸில் மலையாளம், பஸ் ஸ்டாண்டில் இரண்டும். கேரளா என்றாலே தண்ணீர் கொழிக்கும் என்று நினைப்பவர்கள் மார்ச் மாதம் இங்கே வந்து லாரித் தண்ணிக்குக் குடங்கள் வரிசை கட்டியிருப்பதைப் பார்க்க வேண்டும். மாநிலத்தின் சராசரி மழை வருஷத்துக்குச் சுமார் 3000 மில்லிமீட்டர். பாலக்காட்டுக் கணவாயின் இந்தக் கிழக்கு வாயிலில் அதில் பாதிகூடத் தேறாது. மண்ணும் கேரளத்துச் செம்மண் கிடையாது, கரிசல். ஒரு அடி தோண்டினால் சுக்கான்கல், அதாவது சுண்ணாம்புக் கட்டி. நிலத்தடி நீரை அளவுக்கு மீறி உறிஞ்சும் பகுதி என்று மத்திய நிலத்தடி நீர் வாரியம் சித்தூர் பிளாக்கை வகைப்படுத்தியதும் உண்டு.

பிள்ளைகள் வைத்த கேள்வி எளிமையானது: எங்க ஊர்த் தண்ணி நல்லதா? அதை ஒரு கேள்வியாக்கி அளக்கும் நிலைக்குக் கொண்டுவருவதற்குள்தான் பாதி வேலை போனது. நல்லது என்றால் எதற்கு நல்லது? குடிக்கவா, பருப்பு வேகவா, தென்னைக்குப் பாய்ச்சவா? இந்தியத் தர நிர்ணயத்தின் 10500 எண் ஆவணத்தை (2012 பதிப்பு) எடுத்து, நம்மால் பள்ளிக்கூட வசதியில் அளக்க முடிந்ததை மட்டும் கரும்பலகையில் எழுதினோம். கரைந்த உப்பு, அதாவது டி.டி.எஸ், லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை சரி. வேறு தண்ணீரே இல்லாத இடத்தில் 2000 வரை விடலாம். மொத்தக் கடினத்தன்மை, அதாவது சோப்பை நுரைக்க விடாத கால்சியம், மெக்னீசியம் உப்புகள், 200, விட்டுக்கொடுத்தால் 600. ஃபுளோரைடு 1, விட்டுக்கொடுத்தால் 1.5. நைட்ரேட் 45, அதில் விட்டுக்கொடுப்பே கிடையாது. அமிலமா காரமா என்று காட்டும் பி.ஹெச் 6.5 முதல் 8.5 வரை. மலக்கிருமி இருக்கவே கூடாது.

கருவிகள் என்று பெரிதாக எதுவும் இல்லை. ஆன்லைனில் வாங்கிய டி.டி.எஸ் பேனாக்கள் (தண்ணீரில் முக்கினால் எண் காட்டும் சின்னக் கருவி), ஒரு பி.ஹெச் பேனா, பஞ்சாயத்தில் கேட்டு வாங்கிய களச் சோதனைக் கிட் ஒன்று, கிருமிச் சோதனைக் குப்பிகள், ஐஸ் போட ஒரு தெர்மோகோல் பெட்டி, கயிறு, போன். ஜல் ஜீவன் திட்டம் 2019இல் வந்த பிறகு ஊருக்கு 5 பெண்களுக்கு இந்தக் கிட்டில் சோதிக்கப் பயிற்சி கொடுக்க வேண்டும் என்று ஒரு ஏற்பாடு இருக்கிறது. அப்படிப் பயிற்சி எடுத்த ஒரு அக்கா எங்களோடு வந்ததால் பிழைத்தோம். கேரளத்தில் ஹரித கேரளம் மிஷன் வழியாகப் பல மேல்நிலைப் பள்ளிகளின் கெமிஸ்ட்ரி லேப்பிலேயே தண்ணீர்ச் சோதனை வசதி வைத்திருக்கிறார்கள். உங்கள் பள்ளியில் இருக்கிறதா என்று முதலில் விசாரியுங்கள், பாதிச் செலவு மிச்சம்.

டி.டி.எஸ் பேனாவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இப்போது ஆர்.ஓ மெஷின் விற்க வருகிற பையன் கையிலும் அதுதான் இருக்கிறது. அது உப்பை அளப்பதில்லை. தண்ணீரில் கரண்ட் எவ்வளவு ஓடுகிறது என்று பார்த்து, அதை ஒரு எண்ணால் பெருக்கி உப்பு இவ்வளவு என்று காட்டுகிறது. மலிவான பேனாக்களில் அந்த எண் பெரும்பாலும் 0.5, சிலவற்றில் 0.7 பக்கம். ஆக ஒரே டம்ளரில் இரண்டு கம்பெனிப் பேனாவை விட்டால் ஒன்று 500 காட்டும், இன்னொன்று 700 காட்டும், இரண்டும் பழுது இல்லை. பிள்ளைகள் இதைப் பார்த்துவிட்டு ஒரே சண்டை. அதனால் களத்துக்குப் போகும் முன் எல்லாப் பேனாவையும் ஒரே தண்ணீரில் ஒத்துப்பார்த்தோம்: பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் ஒரு லிட்டர், அதில் கெமிஸ்ட்ரி லேப் தராசில் நிறுத்த சுத்தமான சோடியம் குளோரைடு ஒரு கிராம். 0.5 போட்டுப் பெருக்கும் பேனா இதில் 1000 ஒட்டிக் காட்ட வேண்டும். எது எவ்வளவு தள்ளிக் காட்டுகிறது என்று ஒட்டுத்தாளில் எழுதி அந்தந்தப் பேனா மேலேயே ஒட்டியாயிற்று. பி.ஹெச் பேனா 6.86, 9.18 என்று அளவு தெரிந்த பொடிப் பாக்கெட்டுகளோடு வரும், அதைக் கரைத்து இரண்டு புள்ளியிலும் சரிபார்க்க வேண்டும். நம் ஊர்த் தண்ணீர் 7க்கு மேலேதான் இருக்கும், 4ஐ வைத்துச் சரிபார்த்து என்ன பயன்?

மாதிரி எடுப்பதில் ஒழுங்கு வேண்டும், அதை மட்டும் நான் கறாராக வைத்திருந்தேன். போர் (ஆழ்துளைக் கிணறு) என்றால் மோட்டார் போட்டுச் சில நிமிஷம் ஓடவிட்ட பிறகே பிடிக்க வேண்டும், இல்லாவிட்டால் குழாய்க்குள் ராத்திரி முழுக்கத் தூங்கின தண்ணீரைத்தான் அளப்போம். மேல் டேங்கில் ஏறி இறங்கின தண்ணீர் வேண்டவே வேண்டாம். பாட்டிலை அதே தண்ணீரால் மூன்று தடவை அலம்பி, விளிம்பு வரை நிரப்பி, காற்றுக்குமிழி இல்லாமல் மூட வேண்டும். பி.ஹெச்சை அங்கேயே அளந்துவிடுங்கள். ஆழத்திலிருந்து வரும் தண்ணீரில் கரைந்திருக்கும் கார்பன் டை ஆக்சைடு வெளியே போகப் போக பி.ஹெச் ஏறிக்கொண்டே இருக்கும், சாயங்காலம் லேப்பில் வைத்து அளந்தால் அது வேறு கதை. கிணறு என்றால் வாளி விட்டுக் கலக்குவதற்கு முன்பே, கல் கட்டிய பாட்டிலை மேல்மட்டத்துக்கு ஒரு அடி கீழே இறக்கி எடுக்க வேண்டும். கிருமிச் சோதனைக்கு மட்டும் எல்லாமே தலைகீழ்: கிருமிநீக்கிய குப்பி, அலம்பக் கூடாது, வாயைக் கையால் தொடக் கூடாது, உடனே ஐஸ் பெட்டிக்குள்.

ஒவ்வொரு இடத்திலும் போனில் ஜி.பி.எஸ் குறித்ததோடு கூடவே நான்கு விஷயம் கேட்கச் சொல்லியிருந்தேன். கிணறா போரா, எத்தனை அடி, எப்போது வெட்டியது, இந்தத் தண்ணீரை எதற்குப் பயன்படுத்துகிறீர்கள். இந்த நான்கு கேள்விதான் கடைசியில் கிட்டைவிட அதிகம் உதவியது. முதல் வீட்டிலேயே ஒரு பெரியம்மா, “ஏனுங்க டீச்சர், மோட்டார் கனெக்சனக் கட் பண்றதுக்கா எழுதறீங்க?” என்று நேராகக் கேட்டுவிட்டார். எங்கள் பையன் ஒருவன், “இல்லீங்க அமுச்சி, பரிச்சைக்குங்க. வீட்டுப் பேரு எழுதலீங்க, நம்பர்தானுங்க” என்றான். உண்மையிலேயே பெயர் எழுதவில்லை, வரைபடத்தில் எண் மட்டும். சர்வே நம்பர் வேண்டாம், வாசலில் நின்று ஜி.பி.எஸ் போட வேண்டாம், தெருவில் நின்று போட்டால் போதும் என்பதும் அப்போதே முடிவானது. இன்னொரு முடிவு, பல்லைப் பற்றிக் கேள்வித்தாளில் எதுவும் வைக்கவில்லை. ஃபுளோரைடு அதிகமான தண்ணீரைச் சின்ன வயதில் குடித்து வளர்ந்தால் பல் எனாமல் உருவாகும்போதே பழுப்புத் திட்டு விழுந்துவிடும், அது தேய்த்தால் போகாது. இங்கே அது அதிசயம் இல்லை, எங்கள் வகுப்பிலேயே இருக்கிறது. பதினேழு வயதுப் பிள்ளையை இன்னொரு பதினேழு வயதுப் பிள்ளை வாயைத் திற என்று சொல்லி எண்ணுவது எனக்குச் சரியாகப் படவில்லை. தண்ணீரை அளந்தால் போதும்.

சரி, என்ன கிடைத்தது?

ஊரில் எல்லோரும் ஏற்கெனவே ஒரு தரம் பிரித்து வைத்திருந்தார்கள். பழைய கிணற்றுத் தண்ணி உப்பு, சோப்பு நுரைக்காது, பருப்பு வேகாது, பாத்திரத்தில் வெள்ளை படியும், அது மாட்டுக்கும் துணிக்கும். ஆழமான போர்த் தண்ணி ருசி, அது குடிக்க. பேனாவும் அதையேதான் சொன்னது. ஒரே வளவில் இருந்த ஒரு கல்கட்டுக் கிணறு 1100 பக்கம் காட்ட, பத்தடி தள்ளி இருந்த 500 அடிக்கு மேல் போன போர் 480 காட்டியது. பையன்கள் போருக்கு ‘பாஸ்’ என்று எழுதிவிட்டு அடுத்த வீட்டுக்குக் கிளம்பத் தயார். அந்த அக்கா கிட்டில் ஃபுளோரைடு பார்த்தார். இந்தக் கிட்டில் மருந்து ஊற்றினால் ஃபுளோரைடு இல்லாத தண்ணீர் இளஞ்சிவப்பாகவே நிற்கும், ஏற ஏற மஞ்சள் பக்கம் போகும். கிணற்றுத் தண்ணீர் சிவப்பில் நின்றது. 480 காட்டின போர் மஞ்சளுக்குப் போனது, அட்டையில் 1.5ஐத் தாண்டி.

இது ஒரு வீட்டில் மட்டும் நடந்திருந்தால் விட்டிருப்போம். ஆழமான போர்களில், அதிலும் சோப்பு நன்றாக நுரைக்கும் போர்களில், திரும்பத் திரும்ப இப்படியே வந்தது. காரணம் பாடத்துக்கு வெளியே இருந்தாலும் விளக்கிச் சொல்ல முடிகிற காரணம்தான். நமக்குக் கீழே இருப்பது கருங்கல் பாறை, நைஸ் வகை; அதிலிருக்கும் பயோடைட், ஹார்ன்பிளெண்ட், அபடைட் போன்ற கனிமங்களில் ஃபுளோரைடு இருக்கிறது. பாறை வெடிப்பில் தண்ணீர் எத்தனை காலம் தங்குகிறதோ அவ்வளவு கரையும். ஆனால் தண்ணீரில் கால்சியம் நிறைய இருந்தால் அது ஃபுளோரைடைப் பிடித்துக் கால்சியம் ஃபுளோரைடாக்கிப் படியவைத்துவிடும், அதற்கு மேல் ஏற விடாது. மேல்மட்டக் கிணற்றில் சுக்கான்கல் தயவால் கால்சியம் தாராளம். ஆழத்தில் நெடுநாள் கிடந்த தண்ணீரில் கால்சியம் களிமண்ணிடம் போய்ச் சோடியம் வந்துவிடுகிறது, தண்ணீர் மென்மையாகிறது, பி.ஹெச் 8ஐத் தாண்டுகிறது, ஃபுளோரைடைத் தடுக்க ஆளில்லை. நுரைப்பதும் ருசிப்பதும் எந்தக் காரணத்தாலோ, அதே காரணத்தால்தான் ஃபுளோரைடும் ஏறுகிறது. 480 மில்லிகிராமில் 2 மில்லிகிராம் ஃபுளோரைடு இருந்தால் பேனாவுக்கு அது கண்ணிலேயே படாது. இதைச் சரிபார்க்கக் கெமிஸ்ட்ரி சாரிடம் கேட்டு இரண்டு தண்ணீரையும் கடினத்தன்மை அளக்கும் இ.டி.டி.ஏ டைட்ரேஷன் செய்தோம். 50 மில்லி தண்ணீர், அம்மோனியா பஃபர், எரியோக்ரோம் பிளாக் டி. ஒயின் சிவப்பு நீலமாகும் இடத்தில் நிறுத்த வேண்டும். 0.01 மோலார் கரைசல் என்றால் இறங்கின ஒவ்வொரு மில்லியும் லிட்டருக்கு 20 மில்லிகிராம் கடினத்தன்மை. கிணற்றுத் தண்ணீருக்கு ப்யூரெட்டை மறுபடி நிரப்பும் நிலை. போர்த் தண்ணீர் சில மில்லியிலேயே நீலமாகிவிட்டது.

அப்போ கிணறு நல்லது என்று முடிவுகட்டவும் முடியாது. கிணறுகள் பலவற்றில் நைட்ரேட் 45ஐத் தாண்டியது. யூரியா, மாட்டுக்கொட்டகை, பக்கத்திலேயே கக்கூஸ் குழி, எல்லாமே காரணமாக இருக்கலாம். இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். சில கிட்டுகள் நைட்ரேட் என்று காட்டும், சில நைட்ரேட்டில் உள்ள நைட்ரஜன் என்று காட்டும். இரண்டாவது என்றால் 4.43ஆல் பெருக்கிய பிறகே 45ஓடு ஒப்பிட வேண்டும். அட்டையில் பொடி எழுத்தில் போட்டிருப்பான், பூதக்கண்ணாடி வைத்துப் படியுங்கள். கிருமிக் குப்பிகள் கிணற்றுத் தண்ணீரில் நிறையவே கறுத்தன. இது ஹைட்ரஜன் சல்ஃபைடு முறை, 1982இல் நம் நாட்டு விஞ்ஞானிகள் மாஞ்சா, மௌரியா, ராவ் மூவரும் வெளியிட்டது. தண்ணீரை ஊற்றி மூடி வைத்தால் மலக்கலப்பு இருக்கும்போது 24 முதல் 48 மணி நேரத்துக்குள் கறுத்துவிடும். 30 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும் என்பதற்காக மற்ற ஊர்க்காரர்கள் பல்பு போட்டுப் பெட்டி செய்வார்கள். பாலக்காட்டு மார்ச் வெயிலில் ஸ்டாஃப் ரூம் அலமாரியே போதும்.

நிறம் பார்க்கும் சோதனை எல்லாவற்றுக்கும் ஒரே விதி வைத்தோம். நிழலில், வெள்ளைத் தாள் பின்னணியில், மூன்று பேர் தனித்தனியாகப் பார்த்து, ஒருவர் சொன்னதை இன்னொருவர் கேட்காமல் எழுத வேண்டும். மூவரும் ஒத்துப்போனால் சரி, இல்லாவிட்டால் மறுபடி. குளோரின் போட்ட குழாய்த் தண்ணீரில் இந்தச் சாயம் குளோரினாலேயே வெளுக்கும், அதை ஃபுளோரைடு என்று எழுதிவிடக் கூடாது. கிட் என்பது சந்தேகப்பட உதவும் சாதனம், அவ்வளவுதான். மஞ்சளுக்குப் போன போர்களின் தண்ணீரை பிளாஸ்டிக் பாட்டிலில் லேப்புக்கு அனுப்பி எலக்ட்ரோடு முறையில் பார்த்தோம். 1.5க்கு மேல் என்பது உறுதியானது. அதன் பிறகே வீட்டுக்காரர்களிடம் பேசினோம்.

வரைபடம் போடும்போது வந்த வாக்குவாதத்தையும் சொல்லிவிடுகிறேன். பிள்ளைகளுக்கு வானிலைப் படம் மாதிரி பச்சை, மஞ்சள், சிவப்பு என்று வழிந்து ஓடும் கலர் மேப் வேண்டும். சாஃப்ட்வேரில் இரண்டு கிளிக்கில் வந்துவிடும், பார்க்கவும் பிரமாதமாக இருக்கும். நான் ஒத்துக்கொள்ளவில்லை. மழையளவு இரண்டு ஊருக்கு நடுவே படிப்படியாக மாறும். பாறை வெடிப்பில் இருக்கும் தண்ணீர் அப்படி மாறாது. இந்தப் போருக்கும் அந்தப் போருக்கும் ஐம்பது அடி, இரண்டும் வேறு வெடிப்பு, வேறு தண்ணீர். நடுவே கலர் பூசினால் நாம் போகாத வீட்டுக்குத் தீர்ப்பு எழுதுகிற மாதிரி ஆகும். அதிலும் கிணறும் போரும் ஒரே மேப்பில் கலந்தால் மேல் தண்ணீரும் கீழ்த் தண்ணீரும் சராசரியாகி எல்லாமே ‘பரவாயில்லை’ என்று வந்துவிடும். கடைசியில் கிணற்றுக்கு ஒன்று, போருக்கு ஒன்று என்று இரண்டு படம், வெறும் புள்ளிகள், போர்ப் புள்ளிகளுக்குப் பக்கத்தில் ஆழம். பார்க்க ஏழைபோல இருந்தாலும் ஆழம் கூடக் கூட மஞ்சள் கூடுவது அதில் கண்ணுக்குத் தெரிகிறது. விதிவிலக்குகளும் தெரிகின்றன, ஆழமாகப் போயும் கடினமாகவே இருக்கிற போர்கள் உண்டு, அதையும் மறைக்காமல் போட்டோம்.

இந்தத் தாலுகாவில் தண்ணீர் மேப் போட்டுவிட்டு பிளாச்சிமடையைப் பேசாமல் இருக்க முடியாது. பெருமாட்டி பஞ்சாயத்தில் அந்தக் கோகோ கோலா ஆலை 2000இல் ஓடத் தொடங்கியது, நிலத்தடி நீரை உறிஞ்சிக் கெடுக்கிறது என்று 2002 ஏப்ரலில் போராட்டம், 2004 மார்ச்சில் ஆலை நின்றது. அந்த ஊர்ப் பழங்குடிப் பெண் மயிலம்மா முன்னால் நின்றார். என் பிள்ளைகள் அப்போது பிறக்கவே இல்லை, பாட்டிகள் சொல்லக் கேட்டிருக்கிறார்கள். அவர்களில் ஒருத்தி கேட்டாள், அங்கே அந்தப் பெண்களிடம் எந்தக் கிட் இருந்தது டீச்சர்? எதுவும் இல்லை. சோறு வேகவில்லை, குளித்தால் அரிக்கிறது என்று அவர்கள் முதலில் சொன்னார்கள், ஆய்வுகள் பிறகு வந்தன. அதனால் ‘இந்தத் தண்ணீரை எதற்குப் பயன்படுத்துகிறீர்கள்’ என்ற நான்காவது கேள்வியை ரெக்கார்டில் தனிப் பத்தியாகவே எழுதச் சொன்னேன். ஆனால் ஃபுளோரைடு நாக்குக்குத் தெரியாது என்பதையும் அதே பத்தியில் எழுதச் சொன்னேன்.

ஆற்றையும் பார்த்தோம், சுருக்கமாக. சித்தூர்ப்புழைக்கு ஆழியாறு வழியாகத் தண்ணீர் வருவது பரம்பிக்குளம் ஆழியாறு ஒப்பந்தப்படி, 1970இல் கையெழுத்தானது, மணக்கடவில் வருஷத்துக்கு 7.25 டி.எம்.சி. திறந்துவிடும் நாட்களில் பேனா குறைவாகக் காட்டும், நிறுத்தின பிறகு தேங்கின குட்டைகளில் எண் ஏறும். கலங்கல் பார்க்க 20 சென்டிமீட்டர் எவர்சில்வர் தட்டுக்குக் கறுப்பு வெள்ளை பெயிண்ட் அடித்து, நடுவில் ஓட்டை போட்டுக் கயிறு கட்டி இறக்கினோம். செக்கி தட்டு என்று பெயர், 1865இல் இத்தாலியர் ஒருவர் கடலில் இறக்கிப் பார்த்தது. கண்ணிலிருந்து மறையும் ஆழத்தைக் கயிற்றில் முடிச்சு வைத்து அளந்தால் ஆயிற்று. பையன்களுக்கு ரொம்பப் பிடித்தது இதுதான்.

வீடுகளில் என்ன சொன்னோம் என்றால், போரில் ஃபுளோரைடு உறுதியான வீட்டில் குடிக்கவும் சமைக்கவும் மட்டும் ஆற்றுத் தண்ணீர் வரும் பஞ்சாயத்துக் குழாயைப் பயன்படுத்துங்கள், அதிலும் சின்னப் பிள்ளை இருந்தால் கட்டாயம், குளிக்க, துவைக்கப் போர் போதும். காய்ச்சினால் சரியாகிவிடும்தானே என்று எல்லா வீட்டிலும் கேட்டார்கள். ஆகாது, தண்ணீர் ஆவியாகி ஃபுளோரைடு அப்படியே நிற்கும், செறிவு கூடத்தான் செய்யும். காய்ச்சுவது கிருமிக்குத்தான் மருந்து. படிகாரமும் சுண்ணாம்பும் போட்டுத் தெளியவைக்கும் நல்கொண்டா முறை ஒன்று உண்டு, ஆனால் அளவு தப்பினால் அலுமினியம் தங்கிவிடும், வீட்டில் செய்யுங்கள் என்று நான் சொல்ல மாட்டேன்.

கிணற்றுத் தண்ணீரில் குப்பி கறுத்த வீடுகளுக்குப் பிளீச்சிங் பவுடர் கணக்கு எழுதிக் கொடுத்தோம். வட்டக் கிணற்றின் விட்டத்தை மீட்டரில் அளந்து அதை அதனாலேயே பெருக்கி, நிற்கும் தண்ணீரின் ஆழத்தால் பெருக்கி, 785ஆல் பெருக்கினால் லிட்டர் வரும். 3 மீட்டர் விட்டம், 4 மீட்டர் தண்ணீர் என்றால் 28,260 லிட்டர். 1000 லிட்டருக்கு 2.5 கிராம் வீதம் சுமார் 70 கிராம் பவுடர். கிணறு மோசமாகக் கெட்டிருந்தால் இரட்டிப்பு. கொஞ்சம் தண்ணீரில் குழைத்து, இன்னும் தண்ணீர் விட்டுக் கலக்கி, பத்து நிமிஷம் தெளியவிட்டு, தெளிவை மட்டும் வாளியில் ஊற்றிக் கிணற்றுக்குள் இறக்கி மேலும் கீழும் ஆட்ட வேண்டும். ஒரு மணி நேரம் யாரும் இறைக்கக் கூடாது. ஆனால் நைட்ரேட் இதனால் போகாது, அதற்குக் குழியைத் தள்ளி வைப்பதும் உரத்தைக் குறைப்பதும்தான், அது ஒரு மாதத்தில் நடக்கிற காரியம் இல்லை.

அடுத்த பேட்ச் பிள்ளைகள் ஐப்பசி மழைக்கு அப்புறம் அதே எண்களுக்குப் போய் மறுபடி எடுக்க வேண்டும். திருச்சூரில் மழைப்பொலிமா என்று கூரைத் தண்ணீரைக் கிணற்றுக்குள் விடும் திட்டம் நடந்தது. எங்கள் பட்டியலிலும் இரண்டு வீட்டில் அப்படிக் குழாய் வைத்திருக்கிறார்கள். அந்த இரண்டு கிணற்றின் நைட்ரேட்டும் பக்கத்து வீட்டுக் கிணறும் மழைக்கு முன்பு என்ன, பின்பு என்ன என்று ஒப்பிட்டுப் பார்க்கலாம். கிட் மருந்துக்குக் காலாவதித் தேதி உண்டு, ஃபுளோரைடு மருந்தை வெயிலில் வைக்காதீர்கள். பாட்டில்களைக் கழுவிக் கவிழ்த்து லேப் அலமாரியின் கீழ்த்தட்டில் வைத்திருக்கிறேன், எண் எழுதின ஒட்டுத்தாளைக் கிழிக்க வேண்டாம்.